குழாய்த் தண்ணீரில் ஈயம்: மின்முனைப் பட்டை கொண்டு அளக்க ஒரு முழு வழிகாட்டி

மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், இறுதியாண்டு வேதியியல் மாணவர்களோடு சேர்ந்து சில ஆண்டுகளாக இந்த அளவீட்டைச் செய்துவருகிறேன். மாநகராட்சிக் குழாய், திருப்பரங்குன்றம் பக்கத்து போர்வெல், மேலூர் பக்கத்துக் கிணறு என்று பலவிதத் தண்ணீர் மேசைக்கு வந்திருக்கிறது. புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கருவியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பாட்டிலைப் பார்த்துப் பயப்படுவதில்லை. நான் பார்த்த தப்பான முடிவுகளில் பெரும்பாலானவை பாட்டிலிலோ, பிப்பெட் டிப்பிலோ, பஃபரிலோ (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) தொடங்கியவை.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 ஈயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதாவது ஈயம் 10 பிபிபி, காட்மியம் 3 பிபிபி (ஒரு பிபிபி என்றால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்). 10,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 0.1 கிராம் ஈயம் கரைந்திருந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். இவ்வளவு சிறிய அளவைத் தேடும்போது நம் கை, நம் பாத்திரம், தெருப்புழுதி எல்லாமே அளவீட்டுக்குள் வந்துவிடும். கீழே உள்ள வரிசை அதை மனதில் வைத்து அமைத்தது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. பட்டையில் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் பொத்தானை அழுத்தினால், பின்னால் வரும் எந்தக் கோளாறுக்கும் காரணம் பிடிபடாது.

அச்சிட்ட கார்பன் பட்டையில் மூன்று மின்முனைகள் இருக்கும்: வேலை செய்யும் முனை, எதிர்முனை, ஒப்பீட்டு முனை. வேலை முனையில் எதிர் மின்னழுத்தம் கொடுத்தால், தண்ணீரில் அயனியாகக் கரைந்திருக்கும் ஈயம் உலோகமாக மாறி அதன்மேல் படியும். கூடவே நாம் சேர்க்கும் பிஸ்மத்தும் படிந்து ஒரு மெல்லிய படலம் ஆகும். ஈயமும் காட்மியமும் அதோடு நன்றாகக் கலந்து நிற்கும். பிறகு மின்னழுத்தத்தை நேர்த்திசையில் உயர்த்திக்கொண்டே போனால், ஒவ்வொரு உலோகமும் தனக்குரிய இடத்தில் மறுபடி கரையும். அப்போது பாயும் மின்னோட்டம்தான் திரையில் தெரியும் பீக்.

இரண்டு நிமிடம் படியவிட்டு சில நொடிகளில் கரைத்தெடுக்கிறோம். சேமித்ததை மொத்தமாக எடுப்பதால்தான் சிறு கருவியிலும் பிபிபி அளவு தெரிகிறது. அதனாலேயே படியும் நேரம், கலக்கும் வேகம், பட்டை நிற்கும் இடம் இவற்றில் எது மாறினாலும் பீக்கின் உயரம் மாறும்.

ஆர்சனிக்கையும் பாதரசத்தையும் இதே பட்டையில் தேடாதீர்கள். அவற்றுக்குத் தங்க முனையும் வேறு கரைசலும் வேண்டும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பொட்டென்ஷியோஸ்டாட் (மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி), ஸ்கொயர் வேவ், அதாவது சதுர அலை முறை உள்ளது. கையடக்கமானதே போதும். அச்சிட்ட கார்பன் பட்டைகள் ஒரே பேட்சில் வாங்கியவை. மேக்னெட்டிக் ஸ்டிரர், மைக்ரோபிப்பெட், பிஎச் மீட்டர். பாலிப்ரொப்பிலீன் அல்லது எச்டிபிஇ பிளாஸ்டிக் பாட்டில்கள். ஈயம், பிஸ்மத் இரண்டுக்கும் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உள்ள, வாங்கிய ஸ்டாண்டர்ட் (அளவு உறுதியாகத் தெரிந்த) கரைசல். காட்மியமும் வேண்டுமென்றால் அதற்கும் ஒன்று. உயர்தூய்மை நைட்ரிக் அமிலம், சோடியம் அசிட்டேட், அசிட்டிக் அமிலம், பொட்டாசியம் குளோரைடு, சோடியம் ஹைட்ராக்சைடு. பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

அப்புறம் தண்ணீர். இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. டீஅயனைஸ்டு (அயனிகள் நீக்கிய) தண்ணீர் தீர்ந்துபோன ஒரு நாள், ஒரு மாணவர் பக்கத்து பேட்டரி கடையில் கேன் தண்ணீர் வாங்கி வந்துவிட்டார். "டிஸ்டில்டு வாட்டர்தானே சார்" என்றார். ஈய பேட்டரி பழுது பார்க்கும் கடையில் திறந்து வைத்த கேன் அது. அன்று பிளாங்கிலேயே (மாதிரிக்குப் பதில் தூய நீரை வைத்து எடுக்கும் அளவீடு) ஈயம் தெரிந்தது. 18 மெகாஓம் தூய்மையுள்ள தண்ணீர் கிடைக்காவிட்டால், அருகிலுள்ள ஆய்வகத்தில் கேட்டு, அமிலத்தில் ஊறிய உங்கள் பாட்டிலிலேயே பிடித்து வாருங்கள்.

கண்ணாடிப் பாட்டில் ஏன் கூடாது? நடுநிலைத் தண்ணீரில் உள்ள ஈயம் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நேற்று ஒட்டியது இன்றைய மாதிரியில் இறங்கவும் செய்யும்.

3. முந்தைய நாள்: கழுவி ஊறவைத்தல்

பாட்டில், மூடி, பீக்கர், ஸ்டிரர் காந்தம் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு முழுக்க ஊறவிடுங்கள். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. இதை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் அதிகமில்லை. காலையில் தூய நீரில் ஐந்து முறை அலசி, கவிழ்த்து, மூடிய டப்பாவுக்குள் உலரவிடுங்கள்.

சோப்பு மிச்சமிருந்தால் அது மின்முனைமேல் படலமாகப் படிந்து பீக்கை அமுக்கிவிடும். உலரவிடும் இடம் சன்னல் ஓரமாக இருக்க வேண்டாம். சித்திரை வெயிலில் சீக்கிரம் காயும் என்பது உண்மைதான், ஆனால் சாலைப் புழுதியும் சேர்ந்தே வரும்.

மூடியை மறப்பவர்கள் அதிகம். பாட்டில் ஊறும், மூடி மேசையில் கிடக்கும். ஊறாத அந்த மூடிதான் பிறகு மாதிரியை மூடப்போகிறது.

4. கரைசல்கள்

பஃபர்: 100 மி.லி.க்கு சோடியம் அசிட்டேட் ட்ரைஹைட்ரேட் 4.83 கிராம், கிளேசியல் அசிட்டிக் அமிலம் 3.7 மி.லி., பொட்டாசியம் குளோரைடு 7.46 கிராம். பிஎச் மீட்டரில் 4.5 வருகிறதா என்று பாருங்கள். சற்று விலகினால் சரிசெய்யுங்கள். இது பத்து மடங்கு செறிவான ஸ்டாக். செல்லுக்குள் (பட்டையை வைத்து அளக்கும் பீக்கர்) 10 மி.லி.யில் 1 மி.லி. இதைச் சேர்ப்போம்.

பொட்டாசியம் குளோரைடு எதற்கு? பட்டையிலுள்ள ஒப்பீட்டு முனை வெள்ளியால் ஆனது. அதன் மின்னழுத்தம் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்பதைப் பொறுத்து நகரும். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு இடத்துக்கு இடம் மாறும். நாமே ஒரு பெரிய, நிலையான அளவு குளோரைடு போட்டுவிட்டால், மாதிரியின் உப்பு வித்தியாசம் அதில் அடங்கிவிடும். இது இல்லாமல் அளந்தால் ஈயத்தின் பீக் ஒரு தண்ணீரில் ஓர் இடத்திலும் இன்னொன்றில் வேறிடத்திலும் வரும். பார்ப்பவர் அதை வேறு உலோகம் என்று நினைத்துக்கொள்வார்.

பிஸ்மத்: 1000 ஸ்டாக்கிலிருந்து லிட்டருக்கு 100 மில்லிகிராம் கரைசல் செய்யுங்கள். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில்தான் செய்ய வேண்டும். வெறும் தண்ணீர் விட்டால் பிஸ்மத் வெள்ளையாகத் திரிந்து படிந்துவிடும்.

ஈயம்: லிட்டருக்கு 1000-லிருந்து 10, 10-லிருந்து 1 மில்லிகிராம் என்று இரண்டு கட்டமாக, 0.1 சதவீத நைட்ரிக் அமிலத்தில். ஒரே தாவலில் ஆயிரம் மடங்கு நீர்த்தால் பிப்பெட்டின் சிறு பிழை நேரே முடிவில் வந்து உட்காரும். 1 மில்லிகிராம் கரைசலை அன்றன்றைக்குச் செய்யுங்கள். வைத்திருந்தால் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டி அளவு குறைந்துகொண்டே போகும்.

5. பிளாங்க் சரியாகும் வரை மாதிரி எடுக்கப் போகாதீர்கள்

மாணவர்கள் நேர்மாறாகச் செய்வார்கள். முதல் நாளே இருசக்கர வண்டியில் கிளம்பி இருபது பாட்டில் பிடித்து வந்துவிடுவார்கள். அப்புறம் பிளாங்கில் ஈயம் தெரியும்; இருபதும் வீண்.

9 மி.லி. தூய நீர், 1 மி.லி. பஃபர், 40 மைக்ரோலிட்டர் பிஸ்மத் கரைசல் (செல்லில் 400 பிபிபி ஆகும்). இதை 7-ஆம் படியில் உள்ளபடி மூன்று முறை அளக்கவும். ஈயம் வரும் இடம் தட்டையாகவோ, வரம்பில் பத்தில் ஒரு பங்குக்குள் ஒரு சிறு மேடாகவோ இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்: முதலில் தண்ணீர், அடுத்து பஃபர், அடுத்து டிப், கடைசியாக பீக்கர். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் குற்றவாளி தப்பிவிடும்.

எனக்கு இது ஒருமுறை மூன்று நாள் பிடித்தது. கடைசியில் பார்த்தால், பல மாதமாகத் திறந்தே கிடந்த சோடியம் அசிட்டேட் டப்பா. அந்த மூன்று நாளை நான் வீண் என்று நினைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு எண்ணையும் நம்ப முடிந்தது அதனால்தான்.

6. மாதிரி எடுத்தல்

வீட்டுக் குழாய் என்றால் இரண்டு மாதிரி வேண்டும். அதிகாலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் முதல் தண்ணீர். பிறகு ஐந்து நிமிடம் ஓடவிட்டு இரண்டாவது. ஓடும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், வீணாக வேண்டாம். முதலில் ஈயம் இருந்து இரண்டாவதில் இல்லையென்றால், காரணம் அந்த வீட்டின் பித்தளைக் குழாய்முனையிலோ பொருத்துகளிலோ இருக்கிறது. இரண்டிலும் இருந்தால் தொட்டி, மோட்டார், ஊற்று என்று பின்னோக்கித் தேட வேண்டும். ஒரே மாதிரி எடுத்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வீட்டாரிடம் கேட்டு பாட்டில்மேல் எழுதுங்கள். மாநகராட்சித் தண்ணீர் விடும் நாளில் அது நேரே வந்ததா, மாடித் தொட்டியில் நின்று வந்ததா, போர் தண்ணீரோடு கலந்ததா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பாட்டிலை அதே தண்ணீரில் ஒருமுறை அலசி, நிரப்பி, லிட்டருக்கு 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் சேருங்கள். பிஎச் 2-க்குக் கீழே போக வேண்டும். கடினநீராக இருந்தால் அதிலுள்ள பைகார்பனேட் கொஞ்சம் அமிலத்தைத் தின்றுவிடும், எனவே பிஎச் தாளில் ஒரு சொட்டு வைத்து உறுதிசெய்யுங்கள். தாளைப் பாட்டிலுக்குள் விடக் கூடாது. அமிலம் சேர்த்த பின் ஒரு நாள் அப்படியே நிற்கட்டும். சுவரில் ஒட்டியதும் தூசியில் ஒட்டியதும் இறங்கி வர அந்த நேரம் வேண்டும்.

தூய நீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் கூடவே கொண்டுபோங்கள். அதே இடத்தில் திறந்து மூடி, அதே அமிலம் சேர்த்துக் கொண்டுவாருங்கள். வழியில் புகுந்த அழுக்கைக் காட்டிக்கொடுப்பது இந்தப் பாட்டில்தான்.

7. அளவீடு

*பிஎச்-ஐச் சரிசெய்யுங்கள்.* அமிலம் சேர்த்த மாதிரியில் நேரே பஃபரைச் சேர்த்தால் போதும் என்று நினைப்பது மிகப் பொதுவான தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 மி.லி. மாதிரியில் சுமார் 0.29 மில்லிமோல் அமிலம் இருக்கிறது. 1 மி.லி. பஃபரில் உள்ள அசிட்டேட் சுமார் 0.36 மில்லிமோல்தான். பஃபரில் பெரும்பகுதி அங்கேயே செலவாகி பிஎச் 3.6 பக்கம் இறங்கிவிடும். அந்த நிலையில் ஹைட்ரஜன் எளிதாகக் கிளம்பி, குமிழிகள் மின்முனையை மூடும். ஆகவே மாதிரியின் ஒரு பகுதியைத் தனி பீக்கரில் எடுத்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாகச் சேர்த்து பிஎச் 4-க்கு அருகில் கொண்டுவந்து, அதற்குப் பிறகு 9 மி.லி. அளந்தெடுங்கள். சேர்த்த அளவு அதிகமானால் குறித்துவைத்துக் கணக்கில் சேருங்கள். 6-ஐத் தாண்டவிட்டால் உலோகங்கள் படிவாக இறங்கலாம். இதே சோடியம் ஹைட்ராக்சைடு பிளாங்கிலும் சேர வேண்டும். அதிலும் அசுத்தம் இருக்கலாம்.

*பட்டையை நிறுத்துங்கள்.* மூன்று முனைகளும் கரைசலில் மூழ்க வேண்டும். மேலே உள்ள தொடுமுனைகள் நனையக் கூடாது. நனைந்தால் கோடு முழுக்க நடுக்கம்தான். பட்டை முகத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கிறதா என்று சாய்த்துப் பாருங்கள். ஒரு கிளாம்பில் பிடித்து உயரத்தை மார்க்கர் பேனாவால் குறியுங்கள், ஒவ்வொரு முறையும் அதே இடம் வரும்.

*அமைப்பு.* ஈயமும் காட்மியமும் மட்டும் வேண்டுமென்றால் −1.0 வோல்ட்டில், கலக்கிக்கொண்டே, 120 நொடி படியவிடுங்கள். பல கையேடுகள் −1.2 என்று சொல்லும். அது துத்தநாகத்தையும் சேர்த்துப் பிடிப்பதற்கு. பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உள்ள வீடுகளில் துத்தநாகம் ஏராளமாக வரும். அதைத் தேவையில்லாமல் படியவைத்தால் படலம் கெடும். பிறகு ஸ்டிரரை நிறுத்தி 10 நொடி அமைதி. தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும்போது அளந்தால் கோடு ஆடும். அடுத்து −1.0-லிருந்து 0 வரை ஸ்கொயர் வேவ்: அலைவெண் 25 ஹெர்ட்ஸ், வீச்சு 25 மில்லிவோல்ட், படி 4 மில்லிவோல்ட். கடைசியில் +0.3 வோல்ட்டில் 30 நொடி, கலக்கியபடி, மிச்சத்தைக் கழுவிவிடுங்கள்.

காட்மியம் −0.8 பக்கத்திலும் ஈயம் −0.55 பக்கத்திலும் வரும். பிஸ்மத் அதற்கப்புறம் பெரிய மேடாக எழும். அதைக் கண்டு "சார், பயங்கரமா ஈயம் இருக்கு" என்று ஓடிவந்தவர்கள் உண்டு.

புதுப் பட்டையில் முதல் இரண்டு ஓட்டங்களை விட்டுவிடுங்கள், மூன்றாவதிலிருந்துதான் நிலைக்கும். ஆக்சிஜனை வெளியேற்ற நைட்ரஜன் ஊத வேண்டியதில்லை, ஸ்கொயர் வேவ் முறையில் அதன் தொந்தரவு குறைவு. ஆனால் வெப்பநிலையைக் கவனியுங்கள். கரண்ட் போய் ஏசி நின்ற மதியத்தில் எடுத்த பீக், காலையில் எடுத்ததைவிட உயரமாகவே வரும், ஏனென்றால் சூட்டில் அயனிகள் வேகமாக நகரும். ஒரு மாதிரியின் எல்லா ஓட்டங்களையும் இடைவெளியின்றி முடித்துவிடுங்கள். மின்விசிறி நேரே பட்டைமேல் வீச வேண்டாம்.

8. ஸ்டாண்டர்டை மாதிரிக்குள்ளேயே சேர்த்துக் கணக்கிடுங்கள்

தூய நீரில் வரைந்த அளவுகோட்டை வைத்துக் கிணற்றுத் தண்ணீரை மதிப்பிடாதீர்கள். கிணற்றில் உப்பும் கரிமப் பொருளும் இருக்கின்றன. அதே 5 பிபிபி அங்கே சிறிய பீக்கைத்தான் தரும். ஆகவே அதே செல்லில், அதே பட்டையோடு, 1 மில்லிகிராம் ஈயக் கரைசலை 50 மைக்ரோலிட்டர் வீதம் மூன்று முறை சேருங்கள். ஒவ்வொரு முறையும் செல்லில் 5 பிபிபி கூடும்.

புரிவதற்கு ஒரு கணக்கு. மாதிரியின் பீக் 1.2 மைக்ரோஆம்பியர், சேர்க்கச் சேர்க்க 2.0, 2.8, 3.6. ஒரு பிபிபிக்கு 0.16 மைக்ரோஆம்பியர் ஏறுகிறது. 1.2-ஐ 0.16-ஆல் வகுத்தால் செல்லில் 7.5 பிபிபி. பிளாங்க் 1 பிபிபி காட்டியிருந்தால், மீதி 6.5. 9 மி.லி.யை 10 ஆக்கினோம் அல்லவா, 10/9-ஆல் பெருக்கினால் 7.2 பிபிபி. இந்த 10/9-ஐ மறப்பவர்கள் ஏராளம். 9.5 பிபிபி என்று எழுதிய மாதிரி உண்மையில் 10.6 ஆக இருந்தால், வரம்புக்குள் என்று நாம் சொன்னது தவறான தைரியமாகிவிடும்.

நான்கு புள்ளிகளும் நேர்கோட்டில் நிற்காமல் மேலே வளைந்து தட்டையானால், படலம் நிரம்பிவிட்டது. படியும் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

9. பீக் ஏமாற்றும் இடங்கள்

ஈயம் வரும் இடத்தில் பீக் வந்தால் அது ஈயம்தான் என்று முடிவுகட்டாதீர்கள். வெள்ளீயமும் அதன் அருகிலேயே வரும். ஸ்டாண்டர்ட் சேர்க்கும்போது அதே பீக் வடிவம் மாறாமல் உயர வேண்டும். தோளில் இன்னொரு மேடு முளைத்தால் அங்கே இருப்பது வேறு ஏதோ.

செம்பு அதிகமாக இருந்தால் பிஸ்மத்தோடு இடத்துக்குப் போட்டியிட்டு ஈயத்தின் பீக்கைச் சுருக்கும். மாதிரியை நீர்த்து அளந்தால் பல சமயம் போதும். சிறிதளவு பொட்டாசியம் ஃபெரோசயனைடு சேர்த்துச் செம்பைக் கட்டிப்போடும் வழியும் உண்டு.

கண்மாய், ஆற்றுத் தண்ணீர் தனிக் கதை. பாசி படர்ந்த நீரில் கரிமப் பொருள் ஈயத்தைப் பிடித்துவைத்திருக்கும். மின்முனைக்கு அது தெரியாது. ஸ்டாண்டர்டின் ஏற்றம் தூய நீரில் கிடைத்ததில் பாதிக்கும் கீழே இருந்தால், மாதிரியை நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிச் செரித்த பிறகே அளக்க வேண்டும், புகை வெளியேற்றும் கூண்டுக்குள். செரிக்காமல் எடுத்த "ஈயம் இல்லை" என்ற முடிவை நான் ஏற்பதில்லை.

ஒவ்வொரு பத்து மாதிரிக்கும் ஒருமுறை, தெரிந்த அளவு ஈயம் சேர்த்த ஒரு மாதிரியை யாராவது பெயர் மறைத்துக் கொடுக்கட்டும். சேர்த்ததில் 80-லிருந்து 120 சதவீதத்துக்குள் கிடைக்காவிட்டால் அந்தப் பத்தையும் திரும்ப அளக்கவும்.

10. வீட்டாரிடம் சொல்லும் முன்

5 பிபிபிக்கு மேல் வந்த எதையும் புதுப் பட்டையில் இன்னொரு முறை அளக்கிறோம். 10-ஐத் தொட்டால் அதே அமிலப் பாட்டிலில் பாதியை, அங்கீகாரம் பெற்ற ஓர் ஆய்வகத்துக்கு ஐசிபி-எம்எஸ் முறையில் (பிளாஸ்மாவில் அயனியாக்கி, நிறையைக் கொண்டு உலோகத்தை அளக்கும் முறை) சோதிக்க அனுப்புகிறோம். பட்டை நமக்குச் சந்தேகத்தைச் சுட்டிக்காட்டும்; ஒரு குடும்பம் குடிக்கும் தண்ணீரைப் பற்றிய இறுதிச் சொல்லுக்கு இரண்டாவது முறை ஒன்று வேண்டும்.

"தம்பி, 20 வருசமா இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறோம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாதாடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகளோ கர்ப்பிணியோ இருக்கிறார்களா என்று கேளுங்கள். ஈயம் அவர்களைத்தான் முதலில் பாதிக்கும். காய்ச்சினால் ஈயம் போகாது, தண்ணீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். காரணம் குழாய்முனை என்றால், அதை மாற்றும் வரை காலையில் முதல் தண்ணீரைச் சமைக்கவோ பாத்திரம் கழுவவோ எடுக்காமல், செடிக்கும் தரை துடைக்கவும் ஒதுக்கச் சொல்லலாம். குழாய் மாற்றிய பிறகு மறுபடி போய் அதே இரண்டு மாதிரியை எடுங்கள்.

பயன்படுத்திய பட்டைகளையும் கரைசல்களையும் சிங்க்கில் ஊற்றாமல், பெயர் எழுதிய கேனில் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். அந்த சிங்க் குழாயும் எங்கோ ஒரு வாய்க்காலில்தான் போய்ச் சேர்கிறது.